நான்காம் வகுப்புக்கு டேப்பில் வீட்டுப்பாடம்: பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

ஈரோட்டம்மா:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

மகள் நான்காம் வகுப்பு, தனியார் பள்ளி. இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் டேப் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். டேப், அதில் ஏற்றித் தரும் ஆப், ஒரு வருடச் சந்தா எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். தினமும் இரண்டு பீரியட் டேப்பில் நடக்கிறது. கணக்கு, அறிவியல் வீட்டுப்பாடமும் அதிலேயேதான். நோட்டு என்று இப்போது இருப்பது தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மட்டும்தான்.

நான் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணிக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தால் மூடுவதற்குச் சாயங்காலம் ஏழாகிவிடும். பிளஸ் டூ முடித்த கையோடு எங்கள் அப்பா என்னைத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் லோயர், ஹையர், அப்புறம் தமிழ் லோயர். விரல் பழகிய பிறகுதான் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினார். அந்த விரல்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. மகளும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும், என்னைவிட நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால்தான் ஜூனில் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கட்டினேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. டேப்பிலும் சார்ஜ் இல்லை. வீட்டுப்பாடம் முடியவில்லையே என்று பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். சரி, காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம் வா என்று காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். 36 × 24. இரண்டு நாளைக்கு முன்னால்தான் அதே கணக்கை டேப்பில் போட்டு மூன்று ஸ்டார் வாங்கியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 144 என்று எழுதினாள். அதற்கு நேர் கீழே 72 எழுதினாள். கூட்டி 216 என்று போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு எப்படிச் சரியாப் போட்டே பாப்பா?” என்று கேட்டேன். “நாலு விடை கொடுத்திருப்பாங்கம்மா. ஆறு நாலு இருபத்திநாலு, அப்போ கடைசியில நாலுதான் வரும். நாலுல முடியறது 864 மட்டும்தான் இருந்துச்சு” என்றாள்.

குழந்தை யோசித்திருக்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவளுக்குப் பெருக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் என் செல்போனுக்கு அந்த ஆப்பிலிருந்து ஒரு ரிப்போர்ட் வரும். பெருக்கலில் 92 சதவீதம் என்று முந்தின வாரம்தான் வந்திருந்தது. அதை அவள் அம்மாயியிடமும் அப்புச்சியிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்புச்சி மண்டியில் எடை போட்டவர். மூட்டை எடையையும் குவிண்டால் விலையையும் வாயாலேயே பெருக்கிச் சொல்வார். அவர் பேத்திக்கு இரண்டு இலக்கப் பெருக்கல் வரவில்லை என்பது இரண்டு மாதமாக எனக்குத் தெரியவே இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

நேரமும் ஒரு கவலை. வீட்டுப்பாடம் 40 நிமிடம்தான் என்று பள்ளியில் சொன்னார்கள். ஆனால் ஐந்து கேள்வி முடித்தால் காசு விழும், அந்தக் காசில் ஒரு பொம்மைக்குச் சட்டை வாங்கலாம், தொப்பி வாங்கலாம். அதில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. நான் வீட்டுக்கு வர ஏழரை. அதுவரை பிள்ளையைக் கட்டாயப்படுத்தி எடுத்து வைக்க அம்மாயியால் முடியவில்லை. தமிழ்க் கட்டுரை அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறாள். போன வருடம் இப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்காரர், “நாளைக்கு எல்லாமே இதில்தான், பிள்ளையைப் பின்னால் இழுக்காதே” என்கிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு அம்மா மட்டும், புத்தகத்தைத் தொடாத தன் மகன் டேப் வந்த பிறகுதான் பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காருகிறான் என்று எழுதினார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

டேப்பே வேண்டாம் என்று சொல்வதா, எந்த அளவுக்குச் சம்மதிப்பது, கூட்டத்தில் எதைக் கேட்டால் பதில் வரும்? ஆசிரியர்கள், மற்ற பெற்றோர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர், தருமபுரி:

வணக்கம் அம்மா. நான் அரசு நடுநிலைப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். முதலில் அந்தக் காலண்டர் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். இவ்வளவு தெளிவான சாட்சி வேறு கிடைக்காது.

உங்கள் மகளுக்கு வாய்ப்பாடு தெரிகிறது, கூட்டல் தெரிகிறது. 24-ல் இருக்கும் 2 வெறும் இரண்டு இல்லை, இருபது என்பதுதான் மனதில் பதியவில்லை. 36-ஐ 20-ஆல் பெருக்கினால் 720. அதோடு 144 சேர்ந்தால் 864. இரண்டாவது வரியில் ஒரு இடம் தள்ளி எழுது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், ஏன் தள்ள வேண்டும் என்பது போய்ச் சேரவில்லை. இது இடமதிப்புப் பிழை. இன்னொரு பிள்ளை அதே கணக்கில் 844 போடும். அதற்கு இடமதிப்பு தெரியும். ஆனால் 36-ஐ 4-ஆல் பெருக்கும்போது மேலே எடுத்துப்போன 2-ஐக் கூட்ட மறந்து 124 எழுதியிருக்கும். இரண்டுமே தப்பான விடைதான். ஆனால் முதல் பிள்ளைக்கு நான் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுப்பேன். இரண்டாவது பிள்ளைக்கு அது தேவையே இல்லை, நிதானம்தான் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்று எனக்கு எப்படித் தெரிகிறது? நோட்டில் அந்த நடு வரியைப் பார்த்துத்தான். வகுப்பில் பெஞ்சுக்கு பெஞ்சு நடக்கும்போது நான் விடையைப் பார்ப்பதில்லை, நடு வரியைத்தான் பார்ப்பேன். நாலு விடையில் ஒன்றைத் தொடு என்கிற ஆப்பில் அந்த நடு வரியே கிடையாது.

கொரோனாவில் இதை நாங்கள் பட்டு அனுபவித்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. என் வகுப்பில் 28 பேர். பகலில் வீட்டில் செல்போன் இருந்தது ஒன்பது பேருக்கு. மற்ற வீடுகளில் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டதால் டிவி இருந்த வீட்டில் அதையாவது பார்த்தார்கள். திறந்த அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பை முழுதாக முடிக்காமல் போனவர்கள். போனைக் கொடுத்தால் விரலால் தள்ளித் தள்ளி எல்லாம் எடுப்பார்கள். பென்சிலைப் பிடிக்கத் தெரியவில்லை. அ எழுதச் சொன்னால் சுழியை எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது. அப்புறம் இல்லம் தேடிக் கல்வி வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகச் சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. பாட்டு, அட்டை, பயிற்சிப் புத்தகம் என்று கையால் செய்கிற வேலைகள். அப்படித்தான் பிள்ளைகள் மெல்ல மெல்ல மீண்டார்கள்.

அதற்காகத் திரையே கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் இப்போது ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அவரை விதை பத்து நாளில் முளைப்பதை ஒரு நிமிடத்தில் காட்டுகிறேன். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் நான் எவ்வளவு வரைந்தாலும் காட்ட முடியாது. நடுவில் நிறுத்தி, “இப்ப ரத்தம் எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்பேன், வகுப்பே கத்தும். முன்னால் ஒரு திரை, நடுவில் நான், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு திரை என்று கொடுத்தால் அந்த நேரத்தில் டீச்சருக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சே இல்லாமல் போகிறது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: டேப்பில் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் நோட்டில் வழிமுறை எழுத வேண்டும், அந்த நோட்டை மிஸ் வாரம் ஒரு முறையாவது திருத்த வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போது கல்வி அமைச்சகம்) ஆன்லைன் வகுப்புக்காக ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வரையான இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. பள்ளியே மூடிக்கிடந்த காலத்துக்கு அவ்வளவுதான். உங்கள் மகளுக்குப் பள்ளியில் இரண்டு பீரியட், வீட்டில் ஒன்றரை மணி நேரம். கூட்டிப் பாருங்கள்.

தறிவீட்டுப் பையன்:

அக்கா, டீச்சர் சொன்னது எல்லாமே சரி. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

எங்களுக்கு இளம்பிள்ளை பக்கம். வீட்டில் இரண்டு விசைத்தறி. 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினி எனக்குப் பிளஸ் டூ படிக்கும்போது 2012-ல் கிடைத்தது. அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வீட்டில் இன்டர்நெட்டும் இல்லை. ஆன் செய்தால் இரண்டு சிஸ்டம் காட்டும், விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று. எல்லோரும் விண்டோஸில் படம் பார்த்தார்கள். நான் என்னதான் இருக்கிறது என்று இன்னொன்றைத் திறந்து, எதையோ அழித்து, இரண்டுமே வராமல் போய், அழுது, சீனியர் அண்ணன் ஒருவரிடம் கேட்டுத் திரும்பப் போட்டேன். அப்படிப் போட்டதில்தான் கம்ப்யூட்டர் எனக்குப் பிடித்தது. அப்பா தறிக் கூலியைச் சிகரெட் அட்டையில் எழுதி வைப்பார். அதை ஷீட்டில் ஏற்றினேன். வாரத்துக்கு எத்தனை சேலை, எவ்வளவு கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று கூட்டிக் காட்டியதும் அப்பா சேலை முதலாளியிடம் போய், பிடித்தம் இரண்டு முறை போயிருக்கிறது என்று காட்டி வாங்கி வந்தார். எனக்குப் பதினேழு வயது. இன்றைக்குக் கோவையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி.

இப்போது டீச்சரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் வகுப்பில் கை தூக்காத பையன். முன்னால் ஒரு திரை, வகுப்பே கத்தும் என்றீர்களே, கத்தாத பிள்ளைகளில் நானும் ஒருவன். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம். கம்ப்யூட்டர் என்னை நாற்பது தடவை தப்புச் செய்ய விட்டது, யாருக்கும் தெரியாமல். அந்தத் தனிமை எனக்குப் பெரிய உதவி. அதனால் பிள்ளைக்கு ஒரு மிஷின் என்பதை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். திரை கெடுதல் என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தால், வசதியான வீட்டில் அப்பா லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடுவார். தறி வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டியதுதான் முதலில் நிற்கும்.

அக்கா, உங்கள் மகளிடம் இருப்பது நான் சொல்கிற கம்ப்யூட்டர் இல்லை. அதில் அவள் செய்வதெல்லாம் தொடுவது மட்டும்தான். கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: இந்த ஒரு வருடத்தில் இந்த மிஷினைக் கொண்டு என் பிள்ளை எதை உருவாக்குவாள்? பதில் இல்லையென்றால், வாரத்தில் ஒரு நாள் லேபில் கீபோர்டோடு ஒரு மணி நேரம் கேளுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்கிராட்ச் என்ற புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர் இலவசம், 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. கட்டைகளை அடுக்குவது போல அடுக்கி ஒரு பூனையை நடக்க வைக்கலாம். நாலாம் வகுப்புக்குச் சரியான வயது. தமிழ் 99 என்ற கீபோர்டு முறையில் தட்டச்சும் சொல்லிக் கொடுக்கலாம். உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தட்டச்சு படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு டீச்சர், தருமபுரி:

தம்பி, கத்தாத பிள்ளைகள் என்று எழுதியது நெஞ்சில் தைத்தது. நாளைக்கு வகுப்பில் யார் யார் வாய் திறக்கவில்லை என்று பார்க்கப் போகிறேன். பதினேழு வயதில் தனியாகத் தப்புச் செய்து கற்றுக்கொள்வது உங்களால் முடிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை தப்பு என்பதே தெரியாமல் 92 சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த வயது வித்தியாசத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லேப், கீபோர்டு இரண்டுக்கும் நானும் கை தூக்குகிறேன்.

கண் பரிசோதகர், மதுரை:

கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். இருபது வருடமாகக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறேன். முன்பெல்லாம் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் போர்டு தெரியவில்லை என்று வருவார்கள். இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளையே மைனஸ் பவரோடு வருகிறது.

டேப்பை எடுத்துவிட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டால் கண் தப்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டப்பார்வை வருவதில், பக்கத்தில் வைத்து ஓயாமல் பார்ப்பதற்கும் பங்கு இருக்கிறது, அது புத்தகமாக இருந்தாலும் சரி. டேப்பில் என்ன கூடுதல் தொல்லை என்றால் பிள்ளைகள் படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்கள். கண் சிமிட்டுவது குறைந்து கண் காய்ந்துபோகிறது. முழங்கையை மேசையில் ஊன்றிக் கன்னத்தில் கை வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவாவது தள்ளி இருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் உண்மையில் பெரிய மருந்து வெளிச்சம். பகல் வெளிச்சம். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியானது. தைவானில் 2010 முதலே பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்று பள்ளிகளில் நடைமுறைப்படுத்தினார்கள்.

அதனால் அம்மா, கூட்டத்தில் நீங்கள் விசாரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தினமும் இரண்டு பீரியட் டேப்புக்குக் கொடுத்திருக்கிறார்களே, அது எதிலிருந்து எடுத்த பீரியட்? பி.டி. பீரியடில் கை வைத்திருந்தால் அதை முதலில் திரும்பக் கேளுங்கள்.

ஈரோட்டம்மா:

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் பாப்பாவின் போன வருட டைரியையும் இந்த வருட டைரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் வாரத்துக்கு ஐந்து பி.டி., இந்த வருடம் இரண்டு. மூன்று பீரியட் போனது எனக்குத் தெரியவே இல்லை. இவளும் சொல்லவில்லை. கேட்டால், “டேப் பீரியட் ஜாலியாத்தாம்மா இருக்கும்” என்கிறாள்.

தம்பி, தமிழ் 99 நான் படித்த தட்டச்சு இல்லை, ஆனால் கற்றுக்கொள்கிறேன், அவளோடு சேர்ந்து. டீச்சர், ஈர்க்குச்சி வைத்துப் பார்த்தேன். பத்துக் குச்சி கட்டிய இரண்டு கட்டுகளை எடுத்து, “இது ரெண்டா, இருபதா?” என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளே 72-ஐ அழித்துவிட்டு 720 எழுதினாள்.

வடக்கு வெளிச்சம்:

நான் பதினோரு வருடமாக ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். வெளிநாட்டில் எல்லாம் டேப்தான் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள், அதற்காக எழுதுகிறேன்.

என் பெரிய மகள் 2016-ல் பள்ளியில் சேர்ந்தபோது முதல் வாரமே டேப் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் என்று கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. டீச்சர் எடுத்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் தாள், மீதி லிங்க். நாளைக்கு என்ன பாடம் என்று நான் புரட்டிப் பார்க்க வீட்டில் எதுவுமே இருக்காது. ஊரில் நாங்கள் ஜூனில் புதுப் புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு, வாசனை பிடித்து, கடைசிப் பாடம் வரை படம் பார்த்துவிடுவோமே, அந்த வழக்கம் இவளுக்கு இல்லாமலே போயிற்று.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பேர்ல்ஸ் என்ற சர்வதேசத் தேர்வு இருக்கிறது. ஸ்வீடன் 2016-ல் 555 புள்ளி, 2021-ல் 544. இப்போதும் நல்ல மதிப்பெண்தான், கொரோனாவும் நடுவில் வந்தது. எல்லாப் பழியையும் டேப்பின் மேல் போட முடியாது. ஆனாலும் இங்கே பெரிய விவாதம் ஆயிற்று. கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம், அச்சுப் புத்தகத்துக்கும் ஆசிரியரின் அறிவுக்கும் திரும்ப வேண்டும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தது. அப்போது பள்ளித் துறை அமைச்சராக இருந்த லோட்டா எட்ஹோல்ம் அதை முன்னின்று நடத்தினார். 2023-ல் மட்டும் பாடப்புத்தகம் வாங்க 685 மில்லியன் குரோனர் ஒதுக்கினார்கள். என் சின்னவன் அந்த வருடம் மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் பை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். திறந்து பார்த்தால் கணக்குப் புத்தகம், புவியியல் புத்தகம். நான் அதை எடுத்து முகர்ந்து பார்த்ததைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரிய வகுப்பில் இங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, இருக்கும். சின்ன வகுப்பில்தான் பின்வாங்கினார்கள். இவர்களிடம் பணம் இருந்தது, முதலில் டேப் வாங்கினார்கள், பிறகு புத்தகமும் வாங்கினார்கள். 18,000 ரூபாயை ஒரு தடவைதான் கட்ட முடியும் என்கிற வீட்டில் அந்த வரிசையில் செய்து பார்க்க முடியாது. பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டருக்கு அதிகம் செலவழித்த நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று ஓ.இ.சி.டி. என்ற பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது. நாம் இப்போது வாங்க ஆரம்பிக்கிறோம்.

ஈரோட்டம்மா:

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பேச வாய்ப்புக் கிடைத்ததும் நான் அந்தக் காலண்டர் தாளைத்தான் முதலில் எடுத்தேன். 216-ஐக் காட்டினேன், பிறகு செல்போனில் 92 சதவீதத்தைக் காட்டினேன். குரல் நடுங்கியது. பின்வரிசையில் ஒரு அப்பா, ஊரெல்லாம் முன்னேறும்போது நாம் சிலேட்டுக்குப் போக வேண்டுமா என்று சத்தமாகக் கேட்டார். தம்பி எழுதியதைத்தான் அவரிடம் கேட்டேன்: இந்த மிஷினில் நம் பிள்ளைகள் என்ன உருவாக்கினார்கள், சொல்லுங்கள் அண்ணா? அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து என்னிடம் வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் மகனையும் இன்றைக்கு ராத்திரி காகிதத்தில் போடச் சொல்லிப் பார்க்கிறாராம்.

கிடைத்தது இவ்வளவு. காலாண்டு விடுமுறை முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கணக்கு வீட்டுப்பாடம் நோட்டுக்குத் திரும்புகிறது. பி.டி. மூன்றில் இரண்டு திரும்ப வருகிறது. லேபில் வாரம் ஒரு மணி நேரம் என்பதை யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அறிவியல் டேப்பிலேயே இருக்கும். பணம் திரும்பக் கிடைக்காது, அடுத்த வருடச் சந்தாவைக் கட்டாயம் ஆக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லி ஏழு பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

படியில் இறங்கும்போது கணக்கு மிஸ் பின்னாலேயே வந்தார். சின்ன வயசு, இருபத்தைந்து இருக்கும். “எனக்கும் நோட்டுத் திருத்தணும்னு ஆசைங்க மேடம், பீரியட் முழுக்க டேப் லாக்இன் பண்ணவே சரியாப் போயிடுது” என்றார். அவருக்காகவும்தான் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர், கடைசியாக ஒன்று. நாளைக்கு நோட்டு வாங்கப் போகிறேன். கோடு போட்டதா, கட்டம் போட்டதா, எது வாங்க?

கணக்கு டீச்சர், தருமபுரி:

கட்டம் போட்டது, பெரிய கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு எண் மட்டும். இரண்டாவது வரியில் முதலில் பூஜ்யத்தைச் சிவப்புப் பென்சிலில் போட்டுவிட்டுப் பிறகு பெருக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துச் சிவப்புப் பென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள். போடுவதற்கு முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லட்டும். முப்பது இருபது அறுநூறு, அதற்கு மேல்தான் வர வேண்டும் என்று சொல்லிப் பழகிவிட்டால் 216 வந்ததும் அவளே நிறுத்திக்கொள்வாள். இதற்கு அப்புச்சியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், மண்டிக் கணக்கு தெரிந்தவர் ஆயிற்றே.